சிங்க் இன்னும் வரவில்லை

இருதயராஜ் ஒரு சனிக்கிழமை அலுவலகக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வரும் வரை, ரோஸ்லினுக்குத் தொழிலில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருவது அவள் தொழில். அதிலும் சமையலறை என்றால் அவளைத் தேடி வருவார்கள். ஹைதராபாத் உப்பலில் வாங்கியிருந்த ஃபிளாட்டின் சின்னப் படுக்கையறைதான் அலுவலகம். ஒரு கணினி, ஒரு வரைபலகை, லேமினேட் மாதிரிகள் அடைத்த ஒரு பழைய சூட்கேஸ். ஒருவர் சொல்லி இன்னொருவராக வாடிக்கையாளர்கள் வந்தார்கள். கையில் மூன்று வீடு இருந்தால் நாலாவதை மறுத்துவிடுவாள். பாளையங்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷத்தில் இவ்வளவு போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைப்பது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை அவள் கணவன் இருதயராஜ்தான் எடுத்துச் சொன்னான்.

அவனுக்கு மாதாப்பூரில் மென்பொருள் வேலை. கருத்தரங்கில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் காலரில் மைக் செருகிக்கொண்டு, மேடையில் நடந்தபடியே மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். ப்ளாக் எழுதாத தொழில்காரர் போர்டு மாட்டாத கடைக்காரர் மாதிரி என்பது அவர் கண்டுபிடிப்பு. இருதயராஜ் அதை நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"நீ ஒரு ப்ளாக் எழுதணும்" என்றான்.

"எதுக்கு? எனக்குத்தான் கை நெறைய வேலை இருக்கே."

"வேலை இருக்கும்போதுதான் எழுதணும். இல்லாதப்போ எழுதுனா வேலை இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்லா."

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு ரோஸ்லின் படித்தவள் அல்ல. உள்ளலங்காரத்தில் பட்டயம் மட்டும்தான் வாங்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு இருதயராஜ் ப்ளாக்கைத் தொடங்கிக் கொடுத்தான். 'ஸ்பேசஸ் பை ரோஸ்லின்' என்று பெயர். மேலே அவள் படம். கல்யாண ஆல்பத்திலிருந்து மாலையை வெட்டியெடுத்துவிட்டுப் போட்டது. அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் ஓர் எண். செவ்வாய், வெள்ளி, காலை பதினொரு மணி என்று நேரமும் குறித்தான். வாசகர்கள் பழக்கத்துக்கு அடிமைகளாம். நேரம் தவறினால் ஓடிவிடுவார்களாம். அவர்கள் முதலில் எங்கிருந்து வருவார்கள் என்பதைப் பெங்களூர்க்காரர் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம் அது. ரோஸ்லின் எழுத ஆரம்பித்தாள், ஆங்கிலத்தில். சின்ன பால்கனியைப் பெரிதாகக் காட்டுவது எப்படி. மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா. ஒரு பதிவு எழுத ஒன்றரை நாள் ஆயிற்று. இரண்டு பதிவுக்கு மூன்று நாள். ஞாயிறு சர்ச்சுக்கும் துணி துவைக்கவும் போக, மிச்சமிருந்த மூன்று நாளில் மூன்று வீட்டு வேலையையும் பார்க்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஏழு நாள்தான் என்ற சின்ன விஷயம் பெங்களூர்க்காரர் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம். முதல் மாதக் கடைசியில் அடியிலிருந்த எண் நாற்பத்து மூன்றைத் தொட்டது. அதில் முப்பது தடவை இருதயராஜே அலுவலகத்திலிருந்து போய்ப் பார்த்தது.

"ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்" என்றான் அவன்.

கையிலிருந்த மூன்று வீடுகளில் ஒன்று மௌலா அலியில் இருந்தது. பக்தவத்சலம், விஜயகுமாரி தம்பதியுடைய ஃபிளாட். அவருக்கு அறுபத்து நாலு வயது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். ரயில்வேயில் தந்தி அடிக்கும் வேலையில் சேர்ந்து, தந்தி போன பிறகும் வேறு நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் வினய் நியூஜெர்சியில். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்பியிருந்தான். அதை ஒரு பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

சமையலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்றதும் பக்தவத்சலம் ஒரு மணி நேரம் பேசினார். விஜயகுமாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கலரு கிலரு எல்லாம் எனக்கு நக்கோம்மா, வேணாம். இட்லிக் கொப்பரை அப்படியே உள்ள எறங்கணும். அந்த மாதிரி ஒரு சிங்க் போட்டுக் குடு, போதும்."

அத்தனை ஆழமான தொட்டி ஒரே ஒரு கம்பெனியில்தான் இருந்தது. ரோஸ்லின் அதையே சொல்லி வரவழைத்தாள். நாற்பத்தைந்து நாளில் எல்லாம் முடியும் என்று வாக்குக் கொடுத்தாள். சொன்ன நாளில் முடித்துக் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். பழைய மேடையை உடைத்தார்கள். அடுப்பு பால்கனிக்குப் போனது. பாத்திரம் கழுவுவது குளியலறைக்குப் போனது. தற்காலிகமாக.

கிளம்பும்போது, ஒரு நல்லெண்ணத்தில், தன் ப்ளாக்கின் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி. ரோஸ்லின் அன்றைய பதிவை எழுதிக்கொண்டிருந்தாள். வேலை நடக்கும் இடத்தில் அலங்கார நிபுணர் நேரில் நிற்பது ஏன் அவசியம் என்பது தலைப்பு. ஏழு காரணங்கள் என்று போட்டுவிட்டாள்; ஆறு கிடைத்துவிட்டது, ஏழாவது வரவில்லை. அப்போது யூசுப் பாயிடமிருந்து போன் வந்தது. முகமது யூசுப் ஆம்பூர்க்காரர். கிரானைட் வேலைக்கு அவள் அவரைத் தவிர வேறு யாரையும் கூப்பிடுவதில்லை. சொன்ன அளவில் நூல் பிசகாத மனிதர்.

"மேடம், மௌலா அலியில கல்லு மேல ஏத்தியாச்சு. சிங்க்குக்கு ஓட்டை வெட்டணும். அளவு குடுக்க வர்றீங்களா?"

உப்பலிலிருந்து ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஏழாவது காரணம் இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"பாய், அளவு சிங்க் பெட்டியிலயே இருக்கு. அதைப் பாத்து வெட்டிருங்க."

"பெட்டி அளவுதானே?"

"ஆமா பாய், பெட்டியில உள்ளதுதான்."

பெட்டிக்குள் கம்பெனிக்காரன் ஒரு பெரிய தாள் மடித்து வைத்திருப்பான். அதைக் கல்லின் மேல் விரித்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும். ரோஸ்லின் அதைத்தான் சொன்னாள். யூசுப் பாய் பெட்டியை அளந்தார். அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், இரண்டையும் டேப் வைத்து, நூல் பிசகாமல். அந்த அளவுக்கே கல்லில் ஓட்டை போட்டார். பிறகு இரண்டு பேராகச் சிங்க்கைத் தூக்கி அதன் வாயில் வைத்தார்கள். அது அங்கே நிற்கவில்லை. வழியில் எந்தத் தடையும் இல்லாததால் நேராகத் தரைக்குப் போனது. ஒரு மூலை மடங்கியது. ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் அகலமே மிஞ்சியிருந்த கல்லும் அதே நிமிஷத்தில் விரிசல் விட்டது.

ரோஸ்லினின் பதிவு பதினொரு மணி ஐந்து நிமிஷத்துக்கு வெளியானது. ஏழாவது காரணமும் கிடைத்திருந்தது: போனில் சொல்லும் அளவுகள் ஆபத்தானவை.

பன்னிரண்டரைக்கு யூசுப் பாய் மறுபடி போன் செய்தார். ஒரு மணிக்கு அவள் மூச்சிரைக்க மௌலா அலி போய்ச் சேர்ந்தபோது, பக்தவத்சலம் அந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யூசுப் பாய் பக்கத்தில் அட்டைப்பெட்டியோடு நின்றார், சாட்சிக்கு.

"ஓட்டை நல்லா சதுரமா வந்திருக்கும்மா" என்றார் பக்தவத்சலம். பெரிய மனிதர். அதற்கு மேல் அன்று எதுவும் சொல்லவில்லை.

ஓங்கோல் பக்கத்துக் கறுப்புக் கல் இன்னொன்று பத்து நாளில் வந்து, சுவரில் சாய்ந்து காத்திருந்தது. சிங்க்தான் வரவில்லை. அந்த ஆழம், அந்த அளவு, கையிருப்பில் இல்லையாம். ராணிகஞ்சில் கடை வைத்திருக்கும் ஜம்புநாதன், "கம்பெனியில மூணு வாரம்னு சொல்றாங்க" என்றார். கம்பெனி எந்த நாளிலிருந்து எண்ணுகிறது என்று கேட்டதற்கு, அதையும் கம்பெனிதான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு விநாயகர் சதுர்த்தி வந்தது. ஊர்வலத்துக்காகத் தெருவை அடைத்தார்கள். லாரி வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பக்தவத்சலம் மடிக்கணினியின் மேலிருந்த பட்டுத்துணியை எடுத்தார்.

முதல் பின்னூட்டம் மஞ்சள் விளக்குப் பதிவின் கீழே வந்தது. ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், ஒரு சொல்கூட வீணாக்காமல், தந்தி பாஷையில்.

'படித்தேன். விளக்கு நன்று. சிங்க் வரவில்லை. பக்தவத்சலம், மௌலா அலி.'

ரோஸ்லின் முகம் சிவந்துபோய், உடனே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். "பரவால்லம்மா, சும்மா எழுதிப் பாத்தேன்" என்றார் அவர். வெள்ளிக்கிழமை, சுவர் நிறங்களைப் பற்றிய பதிவின் கீழே அடுத்தது வந்தது.

'கிளிப்பச்சை நன்று. எங்கள் ஓட்டை கறுப்பு. சிங்க் இன்னும் வரவில்லை.'

அதற்கடுத்த செவ்வாய், வாஸ்து.

'பாத்ரூமில் பாத்திரம் கழுவுவது வாஸ்துப்படி சரியா. பதில் தேவை. சிங்க் இன்னும் வரவில்லை.'

"இதையெல்லாம் அழிச்சிருதேன்" என்றாள் ரோஸ்லின்.

இருதயராஜ் பதறிப்போனான். "பைத்தியமா உனக்கு? பின்னூட்டம் வாரதுன்னா என்னன்னு தெரியுமா? எங்க மேனேஜர் ஒன்றரை வருஷமா எழுதுதாரு, ஒருத்தர் ஒரு வார்த்தை போட்டதில்ல. அழிச்சேன்னு வச்சுக்கோ, பயந்துட்டேன்னு நெனைப்பாங்க. பதில் எழுது. மரியாதையா எழுது."

மரியாதையாக எழுதினாள். 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் பொறுமைக்கு நன்றி. விரைவில் வரும்.' அதன் கீழே பூனாவிலிருந்து தாரிணி என்றொரு பெண் எழுதினாள்: 'விரைவில் என்றால் எப்போது? அங்கிள், நீங்கள் விடாதீர்கள்.' மஸ்கட்டிலிருந்து சம்பந்தம் என்பவர், கட்டடக் கம்பெனியில் இருபது வருஷ அனுபவம் உள்ளவராம், சிங்க் எந்தத் தேதியில் வரும் என்று ஆளுக்கொரு ஆரூடம் சொல்லும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டார். கோயம்புத்தூரில் ஓர் அம்மாள் தன் வீட்டு வாசல் கதவு வராத கதையை மூன்று பாகமாக எழுதினாள். வினய் நியூஜெர்சியிலிருந்து வந்து, 'அப்பா, இதெல்லாம் பொது இடம்' என்று எழுதினான். முப்பது பேர் சேர்ந்து அவனைத் திட்டி அனுப்பினார்கள்.

அடியிலிருந்த எண் ஏறியது. நூறு. தொள்ளாயிரம். மூவாயிரம். இருதயராஜ் ஒரு வரைபடம் போட்டு ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டினான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான்.

மேலே இருந்த பதிவை யாராவது படிக்கிறார்களா என்று ரோஸ்லினுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, திரைச்சீலையைப் பற்றிய பத்தியை அப்படியே இரண்டு தடவை ஒட்டினாள். யாரும் கேட்கவில்லை. எழுபத்தாறு பின்னூட்டம் வந்தது, எல்லாம் சிங்க்கைப் பற்றி. அன்று அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் அந்த எண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் இணைப்பிதழிலிருந்து பேசினார்கள். நகரத்தில் தொழிலையும் ப்ளாக்கையும் ஒருசேரக் கவனித்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிக் கட்டுரையாம். அவளை அந்தச் சமையலறையில், புகழ்பெற்ற அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். வியாழக்கிழமை வருகிறோம் என்றார்கள்.

அதே வாரம் திங்கட்கிழமை ஜம்புநாதன் போன் செய்தார். "சிங்க் வந்துடுச்சு. வந்து எடுத்துக்கிறீங்களா?"

இத்தனை நாளாக எந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ அந்த வார்த்தை. ஆனால் மறுநாள் செவ்வாய். பதிவு பாதியில் நின்றது. புதன்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த இருதயராஜ் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"இப்பயா? வியாழன் பேப்பர்காரங்க வாராங்களே ரோஸ்லி! சிங்க் மாட்டிட்டா அவங்க எதைப் படம் பிடிப்பாங்க? உன்னயா?"

"அதுக்காக அந்த அம்மாவை இன்னும் பாத்ரூம்ல உக்கார வைக்கச் சொல்லுதீங்களா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? வெள்ளிக்கெழம எடுன்னுதான் சொல்லுதேன். இத்தனை நாள் பொறுத்தாச்சு, நாலு நாள்."

அவள் சரி என்று சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ராணிகஞ்சுக்குப் போகவும் இல்லை. அன்று அவள் எழுதிய பதிவு, வீடு புதுப்பிப்பவர்களுக்குப் பொறுமை ஏன் தேவை என்பதைப் பற்றியது.

புதன்கிழமை காலை, படம் எடுக்கும் இடத்தைக் கொஞ்சம் ஒழுங்கு செய்துவிட்டு வரலாம் என்று மௌலா அலிக்குக் கிளம்பினாள். சிங்க்கை எடுத்துக்கொண்டு வர அல்ல. ஓட்டையைத் துடைத்துச் சுத்தமாக வைக்க. ஆட்டோவில் போகும்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. பையில் ஒரு துணியும் பளபளப்பு மருந்தும் வைத்திருந்தாள்.

கதவு திறந்தேதான் இருந்தது. பக்தவத்சலம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார், அலுவலகத்துக்குப் புறப்பட்டவர் போல.

"வாம்மா, வா. மஸ்கட்காரர் வெள்ளிக்கிழமைன்னு அடிச்சுச் சொல்றார். பூனா பொண்ணு அக்டோபர்ங்குது. நீ எதுவும் வாயைத் தொறந்துடாதே."

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் வந்தது. ரோஸ்லின் குளியலறை வாசலில் போய் நின்றாள். விஜயகுமாரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்திருந்தது. பக்கத்தில் தட்டு, டம்ளர், குக்கர், பால் பாத்திரம். தண்ணீர் போகும் துளையில் சோற்றுப் பருக்கை அடைத்திருந்தது. ரோஸ்லினைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். கதவின் கைப்பிடியைப் பிடித்தாள், பாதி எழுந்தாள், முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். ரோஸ்லின் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தாள். அந்தக் கை ஊறி, வெளுத்து, சுருக்கம் விழுந்திருந்தது.

"முட்டி போச்சும்மா" என்றாள் விஜயகுமாரி, சிரித்துக்கொண்டே. "உக்காந்தா எழுந்துக்க முடியல. எழுந்தா உக்கார முடியல. நீ காபி சாப்பிடறியா? டம்ளர் இப்பதான் கழுவினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் ரோஸ்லின் தாங்கியிருப்பாள். திட்டுவதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். காபிக்குப் பதில் இல்லை.

"ஆன்ட்டி, சிங்க் வந்துட்டு" என்றாள். "திங்கக்கெழமையே வந்துட்டு. நான்தான் எடுக்கல. பேப்பர்காரங்க படம் எடுக்கணும்னு..."

மேஜையிலிருந்து பக்தவத்சலம் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாக.

"ஹவ்ம்மா, ஆமா" என்றார் கடைசியில். "தெரியும்."

"தெரியுமா?"

"நேத்து ராணிகஞ்ச் பக்கம் போயிருந்தேன். ஜம்புநாதன் கடையில வெச்சிருக்கான். பாத்தேன். நல்ல சரக்கு."

விஜயகுமாரி கொப்பரையைக் கீழே வைத்தாள். "பாத்தீங்களா? பாத்துட்டு வந்து நைட்டு சாப்பிட்டீங்களே, அந்தத் தட்டையும் நான்தானே இங்க உக்காந்து கழுவினேன். ஏன் சொல்லல? ஏன் சொல்லலைன்னு கேக்கறேன்."

"இல்லே விஜயா... அத்தனை ஜனம் தேதி சொல்லியிருக்கு. பட்டுனு வந்துடுச்சுன்னா நல்லாவா இருக்கும்? வெள்ளிக்கிழமைக்கு ரெண்டே நாள்தானேன்னு..."

விஜயகுமாரி ஈரக்காலோடு மேஜைக்கு நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மடிக்கணினியை மூடினாள். அதைத் தூக்கி ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள்.

"வினய் போன்ல சொல்றான், அம்மா நீ ஃபேமஸ் ஆயிட்டேன்னு. எதுக்கு? கக்கூஸ் பக்கத்துல பாத்திரம் கழுவறதுக்கு. உங்களுக்கு எழுதறதுக்கு விஷயம் வேணும், இந்தப் பொண்ணுக்கும் எழுதறதுக்கு விஷயம் வேணும். என் முட்டிதான் ஆப்டுச்சா ரெண்டு பேருக்கும்? கெளம்புங்க. ரெண்டு பேரும் கெளம்புங்க. சிங்க் இல்லாம இந்த வீட்டுக்குள்ள காலை வெக்கக் கூடாது."

கிளம்பினார்கள். செருப்பை மாட்டக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை; பக்தவத்சலம் படியில் உட்கார்ந்துதான் மாட்டினார்.

ராணிகஞ்சுக்கு ஆட்டோ பிடித்தார்கள். மெட்டுகுடா தாண்டி நெரிசலில் நின்றபோது ரோஸ்லின் சொன்னாள்: "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

"நீயும் சொல்லியிருக்கலாம்மா."

அது நியாயம்தான். கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே பேசினார். "ரிட்டையர் ஆகி நாலு வருஷம். எங்கிட்ட ஒருத்தன் ஒரு விஷயம் கேட்டதில்லம்மா. பையன்கூட அம்மா இருக்காளான்னுதான் கேப்பான். இப்ப காலைல எழுந்தா முப்பது பேர் கேக்கறான், சிங்க் வந்துச்சா, சிங்க் வந்துச்சான்னு. வந்துடுச்சுன்னு எழுதிட்டா அப்புறம் யார் கேப்பான்?"

ரோஸ்லினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அந்த அம்மாளின் ஊறிப்போன கை ஞாபகம் வந்தது. பாவம் பார்ப்பதைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

திரும்பும்போது சிங்க் பெட்டி இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது. யூசுப் பாய்க்கு நோன்பு. ஆனாலும் மத்தியான லுஹர் தொழுகை முடித்த கையோடு வந்துவிட்டார். அட்டைப்பெட்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். விரிசல் விட்ட கல்லை இறக்கிவிட்டுப் புதுக் கல்லை மேடையில் ஏற்றினார்கள். ரோஸ்லின் பெட்டிக்குள்ளிருந்த தாளை எடுத்து, புதுக் கல்லின் மேல் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, தன் கையாலேயே பென்சிலால் கோடு போட்டாள். மிஷின் ஓடிய இரண்டு மணி நேரமும் தலைமுடியெல்லாம் கல்தூசு படிய அங்கேயே நின்றாள். ஓட்டையின் வாயில் சிங்க் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. யூசுப் பாய் அதைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பிறகுதான் கையை எடுத்தார்.

ஒட்டிய பசை காய ஒரு முழு நாள் வேண்டும். வியாழக்கிழமை காலை பத்திரிகைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "ஓட்டை அடைஞ்சுருச்சா?" என்று போனை எடுத்த பெண் கேட்டாள், யாரோ தவறிப்போன செய்தி கேட்ட குரலில். "அப்ப பிறகு சொல்றோம் மேடம்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரோஸ்லின் பதிவு எதையும் போடவில்லை. அந்த நேரம் அவள் மௌலா அலியில் குழாய் மாட்டுபவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஹைதராபாத்தில் அதனால் எந்தக் கலவரமும் ஏற்படவில்லை. குழாய் மாட்டி முடிந்ததும் விஜயகுமாரி கொப்பரையைத் தொட்டிக்குள் இறக்கினாள். இறங்கியது. படுக்க வைத்தாள். படுத்தது. தண்ணீரைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நின்றபடியே ஒரு டம்ளரைக் கழுவி, அதில் ரோஸ்லினுக்குக் காபி கொடுத்தாள். ஃபிரிட்ஜின் தலையிலிருந்த மடிக்கணினியையும் எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

'சிங்க் வந்தது. தண்ணீர் போகிறது. மனைவி நலம். பக்தவத்சலம், மௌலா அலி.'

அதன் கீழே இருநூற்றுப் பதினான்கு பேர் வாழ்த்தினார்கள். மஸ்கட் சம்பந்தம் தன் ஆரூடம் பலித்ததை ஐந்து தடவை நினைவூட்டினார். பூனா தாரிணி அழுததாக எழுதினாள். அதோடு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அடுத்த செவ்வாய், தரை ஓடுகளைப் பற்றி ரோஸ்லின் உண்மையாகவே பாடுபட்டு எழுதிய பதிவைப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். பின்னூட்டம் ஒன்று: 'ஓடு நன்று.' வேறு செய்தி இல்லை என்பதால் அத்தோடு நின்றுவிட்டது.

இருதயராஜ் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த வரைபடத்தின் முன்னால் கொஞ்ச நாள் வந்து வந்து நின்றான். ஒருநாள் மெதுவாகக் கேட்டான்: "இப்ப நீ பாக்குற மல்காஜ்கிரி வீட்டுல ஏதாவது லேட் ஆகுற மாதிரி இருக்கா?"

"நீங்க ஆபீசுக்குக் கெளம்புங்க" என்றாள் ரோஸ்லின்.

பெங்களூர்க்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் பலித்தது. ப்ளாக்கால் வேலை வந்தது. ஒரே மாதத்தில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூவரும் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்திருந்தார்கள். மாதாப்பூரில் எட்டாவது மாடியில் வீடு வாங்கியிருந்த சீதாராமன் ஒப்பந்தத் தாளையே தயார் செய்து வைத்திருந்தார். நாலாவது ஷரத்தை விரலால் காட்டினார். வேலை முடிந்து சாவியை ஒப்படைக்கும் நாள் வரை ரோஸ்லின் இணையத்தில் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க ரொம்ப நல்லா எழுதறீங்க. அதான் பயமா இருக்கு."

ரோஸ்லின் பேனாவைக் கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மற்ற இருவரும் தாள் எதுவும் நீட்டவில்லை; வாயால் கேட்டார்கள். அவர்களுக்கும் சரி என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளே லேசாக இருந்தது. அதை மறைத்து, பெரிய தியாகம் செய்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் இருதயராஜின் அலுவலகத்தில் மறுபடி ஒரு கருத்தரங்கு நடந்தது. இந்தத் தடவை அவனே பேசினான். தலைப்பு, வாடிக்கையாளர் வேலையையும் ப்ளாக்கையும் ஒரே சமயத்தில் நிர்வகிப்பது எப்படி. வரைபடத்தைத் திரையில் காட்டினான், செப்டம்பர் வரைக்கும் மட்டும். கைதட்டல் நன்றாகவே விழுந்தது. அடுத்த அமர்வுக்கு உங்கள் மனைவியையே சிறப்புப் பேச்சாளராக அழைக்கிறோம் என்று மேனேஜர் மேடையிலேயே அறிவித்துவிட்டார். அவன் வெளியே வந்து, பெருமையோடு போன் செய்தான்.

"வெள்ளிக்கெழம காலைல பதினொண்ணு. அரை மணி நேரம் பேசுனாப் போதும். வாரியா?"

கல் வெட்டும் மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"வெள்ளிக்கெழம முடியாதுங்க. எனக்கு வேலை இருக்கு."